நூற்றுக்குப் பதினொன்று

ஜூன் 2, திங்கள்

இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே அக்கா, "தம்பி, நம்ம ஆஸ்பத்திரி வெப்சைட்டு ரொம்ப மெதுவா இருக்குதாமா" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"எல்லாருந்தான் சொல்றாங்க."

என் அக்கா ருக்மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிற படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே பக்கத்து வீட்டுக்காரி வேண்டும். அவள் வலைத்தளத்தின் வேகத்தைப் பற்றிப் பேசுகிறாள். சனிக்கிழமைதான் அவளிடம் சொல்லியிருந்தேன்: தை மாதம் ஆரம்பித்த வலைத்தள வேலை முடிந்துவிட்டது, இனி உங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்க எனக்குக் காரணம் இல்லை, வேறு ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்று. முடிந்த வேலையில் இப்போது ஒரு குறை முளைக்கிறது.

மாமாவிடம் கேட்டேன். டாக்டர் நாச்சிமுத்து என்றால் ஈரோடு மேட்டூர் ரோட்டில் பல் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அக்காவைக் கட்டியவர். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லாத்தான் இருக்குது மாப்ளே. சூப்பரா பண்ணியிருக்கறே" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆனா, கொஞ்சம் மெதுவாத்தான் இருக்குது" என்றார் உடனே.

ஆக, வேலை முடியவில்லை. மாடியைக் காலி செய்வதும் தள்ளிப்போகிறது.

ஜூன் 3, செவ்வாய்

எதிரி யார் என்று தெரியாமல் சண்டை போட முடியாது. எனவே இந்தத் தளத்தை நான் எப்படிக் கட்டினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவன் நான். ஊருக்கெல்லாம் அடித்தேன், எனக்கு ஒன்று அடித்துக்கொள்ளவில்லை. பிரஸ்ஸை மூடியதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஓய்வில் இருந்தேன், அவ்வளவுதான்.

பத்திரிகைக்கும் வலைத்தளத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே 'எங்களிடம் வாருங்கள்' என்று சொல்பவை. எனவே திறந்ததும் மேலே பிள்ளையார். அடுத்து குலதெய்வம். வலப்பக்கம் மாமாவின் பெற்றோர், இடப்பக்கம் எங்கள் பெற்றோர். நாதஸ்வரம் தானாக வாசிக்கும். மேலிருந்து மல்லிகைப்பூ உதிரும். பெருந்துறைச் சித்தப்பா ரிப்பன் வெட்டும் திறப்பு விழாப் படம். அதன்கீழே 'தங்கள் நல்வரவை அன்புடன் எதிர்நோக்கும்' என்று உறவினர் எல்லோருடைய படமும் பெயரும், வரிசைக்கிரமம் தப்பாமல். அப்புறம் மழலைகள்: மாமாவின் பேரப்பிள்ளைகள் இருவர் கைகூப்பி, 'எங்க தாத்தா வலிக்காம பல்லு புடுங்குவாங்க, எல்லாரும் வாங்க வாங்க.' இவ்வளவுக்கும் பிறகு இடம் மிச்சம் இருந்ததால் சிகிச்சை விவரமும் போன் நம்பரும்.

மாமாவிடம் இரண்டு வருஷமாக உதவி டாக்டராக இருக்கும் நஸ்ரின், வேகத்துக்கு மதிப்பெண் போடும் ஒரு தளத்தைக் காட்டினாள். "இதுல உங்க அட்ரஸப் போடுங்கண்ணா, மார்க் குடுக்கும்."

நூற்றுக்குப் பதினொன்று.

பத்தாம் வகுப்புக் கணக்கில்கூட நான் பதினான்கு வாங்கினேன். பக்கம் முழுதாகத் திறக்க நாற்பது வினாடிக்கு மேல் ஆகிறதாம். அதற்குள் பல்வலி தானாக நின்றுவிடும். நஸ்ரினிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பல் பிடுங்கப் படித்தவர்களுக்கு நகைச்சுவை கொஞ்சம் கம்மி.

ஜூன் 5, வியாழன்

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். பிரஸ்காரன் புத்தி.

பிரஸ்ஸில் சின்னப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். அச்சில் முகம் புகைந்துவிடும், அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். எனவே படம் என்றால் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்று கை பழகிவிட்டது. அதே பழக்கத்தில் உறவினர் எல்லோரையும் சுவரொட்டி அடிக்கிற அளவில் ஏற்றி, திரையில் தபால்தலை அளவுக்குக் காட்டியிருக்கிறேன். கோபிச்செட்டிபாளையத்து அத்தையின் படம் மட்டும் பதினெட்டு எம்பி. அத்தையை முழுசாக இறக்கிய பிறகுதான் நோயாளிக்குப் போன் நம்பர் தெரியும்.

எல்லாப் படங்களையும் சுருக்கினேன். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவன் அக்கா டீ கொண்டுவந்தபோதும் எழவில்லை. மதிப்பெண் இருபத்தாறு.

மாமாவிடம் சொன்னேன். "சூப்பர் மாப்ளே" என்றார். எதற்கு இருபத்தாறு என்று கேட்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு விவரம் தேவைப்படுவதில்லை.

ஜூன் 9, திங்கள்

நாதஸ்வரத்தை நிறுத்தினேன். முப்பத்திரண்டு.

ஜூன் 10, செவ்வாய்

பூ உதிர்வதையும் நிறுத்தினேன். முப்பத்தொன்பது. தளத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து வேகத்தைக் கோடு போட்டுக் காட்டும் கண்காணிப்புச் சேவை ஒன்றையும் சேர்த்தேன். அந்தக் கோடு இறங்க இறங்க மனதுக்கு இதமாக இருக்கிறது. பிரஷர் பார்க்கும்போது டாக்டர் 'நார்மல்' என்று சொன்னால் வருமே, அப்படி.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரிக்குப் புதிய விசிட்டிங் கார்டு வந்திருக்கிறது. வலைத்தள முகவரியைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். நம்முடையது ஒன்று, கார்டில் இருப்பது வேறொன்று. இருபத்திரண்டு வருஷம் ப்ரூஃப் பார்த்த கண் இது, தப்பாது. வரவேற்பில் உட்காரும் புஷ்பலதாவிடம் காட்டினேன். "அய்யோ, ஆமாங்கண்ணா. அடுத்த தடவ அடிக்கறப்ப சொல்லிர்றனுங்க" என்று அவசரமாகக் கார்டுக் கட்டை எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிரஸ்காரர்களுக்குப் பொறுப்பு என்பதே கிடையாது. அந்தத் தப்பான முகவரியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என நினைத்தேன், பார்க்கவில்லை. தப்பு தப்புதான், அதற்குள் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது.

ஜூன் 14, சனி

இன்றைக்கு வாங்கிய திட்டை ஒரு மூட்டையாகக் கட்டினால் லாரி வேண்டும்.

மாமன், அத்தை, சித்தப்பா, பெரியப்பா என்ற முதல் வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற உறவினர் படங்களை நேற்று எடுத்துவிட்டேன். ஒன்றுவிட்டவர்கள் எல்லாம் வெளியே. கோபி அத்தையை வட்டத்துக்குள் வைப்பதா வெளியே வைப்பதா என்று யோசித்தேன். அவள் மாமாவுக்குச் சொந்த அத்தை இல்லை, அப்பாவின் சித்தி மகள். எடுத்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு எங்கள் தளத்தின் முன்பதிவுப் படிவம் வழியாக முதல் பதிவு வந்தது. தை மாதத்திலிருந்து நான் காத்திருந்த முதல் பதிவு. உடனே திறந்தேன். பெயர்: கோபி பாப்பாத்தி. பிரச்சினை என்ற இடத்தில் பல்வலி, ஈறு வீக்கம், பல் கட்டுதல், மற்றவை என்று நான்கு இருக்கின்றன. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். விவரம்: 'என்ற போட்டோ எங்கே?'

அடுத்து போன். "ஏஞ்சாமி, நான் உசுரோடதான இருக்கறேன்? போட்டோவ எடுத்துப்போட்டீங்களே, எனக்கென்ன காரியமா ஆயிப்போச்சு?"

"இல்லீங்கத்தை, வேகத்துக்காக..."

"அப்படி எங்கடா ஓடறீங்க என்னைய உட்டுப்போட்டு?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அத்தையின் வாய் ஊர் வாயைவிடப் பெரியது. நாளை பழம் வாங்கிக்கொண்டு கோபிக்குப் பஸ் ஏற வேண்டும்.

மதிப்பெண் ஐம்பத்தாறு.

ஜூன் 20, வெள்ளி

வெளியேற்றப்பட்டவர்கள் எல்லோரும் வரிசையாகக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். எல்லோர் வீட்டுக்கும் போய் வந்துவிட்டேன். ஒன்று மட்டும் எனக்குப் பெருமை. ஒரு படத்தை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவ்வளவு கவனமாக ஒரு பல் ஆஸ்பத்திரியின் தளத்தைப் படிக்கிறவர்கள் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். தினம் இருபத்தைந்து முப்பது பேர் வருகிறார்கள் என்று கணக்கு காட்டுகிறது.

நோயாளிகள் யாரும் படிவத்தை நிரப்பவில்லை. பல்வலியோடு உட்கார்ந்து டைப் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும். ஆனால் வீட்டுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கிறது. புஷ்பலதாவிடம் விசாரித்தேன். "பாதிப் பேரு வெப்சைட்டப் பாத்துட்டுத்தானுங்கண்ணா வர்றாங்க" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிக்க என்ன இருக்கிறது, நல்ல செய்திதானே.

சம்பளம் வந்தது. வழக்கம்போல அக்காதான் கொண்டுவந்து கொடுத்தாள். மாமாவுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடையாது.

ஜூலை 1, செவ்வாய்

எழுபத்தொன்று என்று நேற்று இரவுச் சாப்பாட்டில் அறிவித்தேன். மாமா "சூப்பர் மாப்ளே" என்றார். அக்கா கேட்டாள்: "நூறு வந்துட்டா அப்புறம் என்ன வேலை இருக்கும் அதுல?"

ஒன்றும் இருக்காது, தானாக ஓடும் என்றேன்.

இன்று காலை என் அறைக்கு வந்து ஒரு பை நிறையப் பழைய போட்டோக்களைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறாள். மாமா காலேஜில் படித்தது, கவுன் போட்டுப் பட்டம் வாங்கியது, முதல் நாற்காலி வாங்கியது. "இதையெல்லாம் போடு சாமி. பெருசாப் போடு. பாக்கறவங்களுக்கு நல்லாருக்கும்."

ஒரு பக்கம் நான் இழுக்கிறேன், இன்னொரு பக்கம் இவள் இழுக்கிறாள். வேகத்தைப் பற்றிப் புகார் சொன்னவளே இவள்தான். பெண்களிடம் தொழில்நுட்பம் பேச முடியாது. பைக்கு மேலே பேப்பரைப் போட்டு மூடி வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பெரிய முடிவு. திறப்பு விழாப் படத்தையும் இரு பக்கத்துப் பெற்றோரையும் எடுக்காமல் எண்பதைத் தாண்ட முடியாது.

இதை மாமாவிடம் கேட்கப் பயந்துகொண்டே போனேன். காரணம் இருக்கிறது. அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் பத்திரிகை அடித்தேன். பெருந்துறைச் சித்தப்பாவின் பெயர் மூன்றாவதா நான்காவதா என்று மூன்று நாள் என்னை வேலை செய்யவிடாமல் அடித்தவர் இந்த மனிதர். 'எங்கப்பன் பேருல ஒரு இனிசியல் கம்மியா இருக்குது' என்று ஆயிரம் பத்திரிகையைத் திருப்பி அடிக்க வைத்தவர்.

"எடுத்துரு மாப்ளே" என்றார். "ஒண்ணும் பிரச்சனையில்ல."

"அப்பா படத்தையுமா மாமா?"

"எல்லாத்தையும் எடு. உனக்கு எது வசதியோ அப்படிப் பண்ணிக்கோ."

வயது ஆக ஆக மனிதர்கள் பக்குவப்படுகிறார்கள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் படி ஏறும்போது ஏதோ சப்பென்று இருந்தது. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

எண்பத்து நான்கு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஆடியில் கல்யாணம் கிடையாது, எனவே பத்திரிகையும் கிடையாது. இந்த மாதம் மிஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு ஆட்களோடு சீட்டாடுவோம். இந்த வருஷம் ஆடியிலும் எனக்கு வேலை இருக்கிறது. எழுத்துருக்களை இரண்டாகக் குறைத்தேன். எண்பத்தொன்பது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எல்லோரும் பவானி கூடுதுறைக்குப் போய்விட்டார்கள். தனியாக உட்கார்ந்து கடைசி வேலைகளை முடித்தேன். மதியம் சோதித்தேன். தொண்ணூற்றாறு. நம்பாமல் ஐந்து தடவை சோதித்தேன். தொண்ணூற்றாறேதான். ஒன்றரை வினாடியில் திறக்கிறது.

பக்கத்தில் இப்போது இருப்பது ஒரு சின்னப் பிள்ளையார், ஆஸ்பத்திரியின் பெயர், சிகிச்சைகள், நேரம், போன் நம்பர். ஒரு நோயாளிக்கு இவ்வளவு போதும் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

அக்கா வந்ததும் சொன்னேன். ஆற்றில் விட்டது போக மிச்சமிருந்த காப்பரிசியை என் கையில் வைத்தாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. "நூறு ஆகலியே" என்றாள்.

நூறு யாருக்கும் வராது என்றேன்.

"வராதுன்னா எப்படி? முயற்சி பண்ணு. அவசரம் ஒண்ணுமில்ல."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பின்பக்கப் படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். நான் எப்போதும் அந்த வழியாகத்தான் மேலே போவேன். இன்று ஆஸ்பத்திரியின் முன்வாசல் வழியாக வரவேண்டியதாயிற்று. சித்தோட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் புஷ்பலதாவிடம் போனை நீட்டிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "உங்க வெப்சைட்டு சுத்திக்கிட்டே கெடக்குதுங்க. என்ற டைம் பத்தரையா பதினொண்ணான்னு பாக்கலாம்னா தொறக்கவே மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. "இருக்காதுங்களே. நம்ம சைட்டு ஒன்றரை செகண்டுல தொறக்கும். தொண்ணூத்தாறு மார்க்கு" என்று போனை வாங்கிப் பார்த்தேன்.

நெடுநேரம் சுற்றிவிட்டு ஒரு வெள்ளைக்காரி வந்தாள். திரை முழுக்க. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே நாச்சிமுத்து பல் மருத்துவமனை, எங்கள் போன் நம்பர், எங்கள் முகவரி, முன்பதிவு.

நான் கத்திவிட்டேன். "இது போலி. நம்ம பேருல எவனோ போலி சைட்டு நடத்தறான். புஷ்பலதா, சைபர் கிரைமுக்குப் போனப் போடு. பெரியவரே, இதுல காசு கீசு கட்டினீங்களா?"

ஹாலில் எட்டுப் பத்துப் பேர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். புஷ்பலதா போனை எடுக்கவில்லை. உள்ளறைக் கதவைப் பார்த்தாள். நஸ்ரின் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அண்ணா, மேல போய்ப் பேசலாமா?"

"என்ன பேசறதுங்க? இவ்வளவு பெரிய மோசடி..."

"அது நான் பண்ணது அண்ணா."

எப்போது என்று கேட்டேன்.

"பங்குனியில. பேஷண்ட்ஸுக்கு உங்க சைட் தொறக்கவே இல்ல. சார்தான் இதை ஒண்ணு பண்ணச் சொன்னாரு."

பெரியவர் நடுவில், "அப்ப எதுங்க ஒரிஜினலு?" என்று கேட்டார். புஷ்பலதா டிராயரிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நான் தப்பு கண்டுபிடித்த அதே கார்டு.

பங்குனியிலிருந்து அந்தத் தளம் இருக்கிறது. வைகாசியில்தான் நான் வேகப்படுத்த ஆரம்பித்தேன். பலகையில், கார்டில், எங்கும் இருப்பது அதன் முகவரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், நானும் அந்தச் சோற்றைத் தினம் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எழுத ஒன்றும் இல்லை. வெயில்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. அக்கா சாப்பாட்டுத் தட்டோடு மேலே வந்து, கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மாமா நேற்று கதவு வரை வந்து நின்றுவிட்டு இறங்கிப் போனார் என்று சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"மெதுவா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்கன்னியே?"

"யாரும் சொல்லல. நஸ்ரின் புள்ளைகிட்டக் கேட்டேன், வெப்சைட்டுல முடியவே முடியாத வேலை என்னம்மா இருக்கும்னு. வேகந்தான்னு சொல்லுச்சு."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கிவிட்டீர்கள், நான் என்ன சின்னப் பிள்ளையா, பொம்மையைக் கையில் கொடுத்து உட்காரவைக்க, என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பிரஸ்ஸ மூடுன பொறவு எட்டு மாசம் இந்தக் கட்டில்லயே கெடந்தே. நீ குளிக்கோணும்னா நான் கத்தோணும். ராத்திரியில எந்திரிச்சு வந்து, நீ மூச்சு உடறயான்னு பாத்துட்டுப் போவேன். தையில ஒரு நாள் நீயா சவரம் பண்ணி, சட்டை தேச்சுப் போட்டுட்டு வந்து, 'அக்கா, மாமாவுக்கு வெப்சைட்டு பண்ணித் தர்றேன்'னே. அதைத் தொறந்து காட்டுனே. அது தொறக்கல. தொறக்கலைன்னு நான் எப்படிரா உன்கிட்டச் சொல்லுவேன்?"

"ஏமாத்திட்டீங்க."

"ஏமாத்துனதுதான். இன்னொருக்கா இப்படிக் கெடந்தீன்னா இன்னொருக்கா ஏமாத்துவேன். எந்திரிச்சுச் சோறு தின்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அந்த எட்டு மாதத்தைக் 'கொஞ்ச நாள் ஓய்வு' என்று நான் எழுதி வைத்திருப்பதை இவள் படித்தால் என்ன சொல்வாள். சோற்றில் பாதியைத் தின்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

சவரம் செய்தேன். வேறு வேலை இல்லாததால் செய்தேன்.

அப்புறம் வயிற்றெரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். நஸ்ரினின் தளத்தை எடுத்துச் சோதனையில் போட்டேன்.

ஐம்பத்தெட்டு.

திரும்பவும் போட்டேன். ஐம்பத்தெட்டு. அக்காவின் பழைய போனை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்தேன். பதினோரு வினாடி. பெரியவர் பொய் சொல்லவில்லை. எங்கே மாட்டுகிறது என்று பார்த்தேன். அந்த வெள்ளைக்காரியின் படம் ஒன்பது எம்பி. டாக்டருக்குப் படித்தவளும் பிரஸ்காரனும் ஒரே குழியில்தான் விழுந்திருக்கிறோம். அப்புறம் யாரும் பயன்படுத்தாத ஒரு அரட்டைப் பெட்டி, தேவையில்லாமல் நான்கு எழுத்துருக்கள், சர்வரில் செய்து வைக்காத இரண்டு மூன்று அமைப்புகள். எல்லாவற்றையும் எங்கே தொட வேண்டும் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இரண்டரை மாதமாக வேறு எதைச் செய்தேன்.

சந்தோஷப்படக் கூடாது என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

முன்வாசல் வழியாகவே போனேன். புஷ்பலதா எழுந்து நின்றுவிட்டாள். நஸ்ரின் ஒரு நோயாளியை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், உங்க சைட்டு மெதுவா இருக்குதுங்க" என்றேன்.

"அண்ணா, நான் அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க."

"அது இருக்கட்டுங்க. ஐம்பத்தெட்டுதான் வருது. சாதாரண போன்ல பதினோரு செகண்டு."

அவள் குழாயை மூடினாள். "நிஜமாவா? என் போன்ல டக்குனு தொறக்குதே."

"உங்க போன் விலை அப்படி. சித்தோட்டுக்காரர் போனுல தொறக்காது."

அவளுக்கு முகம் மாறியது. போன மாதம் முன்பதிவு செய்தவர்களில் பலர் பாதியிலேயே விட்டுவிட்டதாகவும், ஏன் என்று புரியவில்லை என்றும் சொன்னாள். எதனால் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேள்வி கேட்டாள். இரண்டுக்கு எனக்குப் பதில் தெரிந்தது, ஒன்றுக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே இருவர் காத்திருந்தார்கள், ஆனால் அவள் அவசரப்படவில்லை.

"பாஸ்வேர்டு தர்றேன். நீங்க பாத்துக்கறீங்களா அண்ணா?"

ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கும் மானம் ரோஷம் உண்டு. மத்தியானமே போய் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பழைய தளத்தை மூடிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். மூடாதே என்றாள். ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் பழகிவிட்டார்களாம். சரி, கிடக்கட்டும். கோபி அத்தையைத் திரும்ப ஏற்றினேன். பெரிய அளவிலேயே.

ஆகஸ்ட் 21, வியாழன்

புதிய தளத்தில் அரட்டைப் பெட்டி போயிற்று. எழுத்துரு ஒன்றுதான். வெள்ளைக்காரியைச் சுருக்கிப் பார்த்தேன், அப்படியும் இடிக்கிறாள். எடுத்தே விட்டேன். ஈரோட்டில் அவளுக்கு உறவு என்று யாரும் இல்லை, எனவே போனில் திட்ட ஆள் கிடையாது. தொண்ணூற்று மூன்று. அக்காவின் போனில் இரண்டு வினாடி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

திட்ட ஆள் இருந்திருக்கிறது.

காலை பதினொரு மணி. ஹால் நிறையக் கூட்டம். புஷ்பலதாவின் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், அதில் உட்கார்ந்திருந்தேன். மாமா கையில் ஊசியோடு உள்ளிருந்து வந்தார்.

"ஏய் சென்னியப்பா. அந்தப் பொம்பள போட்டோவ யாரக் கேட்டு எடுத்தே?"

எனக்கு ஒரு கணம் யாரைக் கூப்பிடுகிறார் என்று புரியவில்லை. என் பெயர்தான்.

"மெதுவா இருந்துச்சுங்க மாமா, அதான்..."

"என்ன அதான்? காலையில இருந்து நாலு பேரு போன் பண்ணிட்டாங்க, ஆஸ்பத்திரி மாறிப்போச்சா, டாக்டர் மாறிப்போயிட்டாரான்னு. பக்கமே மொட்டையா நிக்குது. ஒரு வேலைய எடுத்தா ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யமாட்டியா? உன் இஷ்டத்துக்குப் புடுங்கி எறியறதுக்கு இது என்ன உன்ற பிரஸ்ஸா? பேஷண்டு வர்ற எடம்டா இது."

"இல்லீங்க மாமா, படம் இல்லாம ரெண்டு செகண்டுல..."

"எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள அங்க ஒரு படம் இருக்கோணும். அதுக்காக மறுபடியும் மெதுவாவும் ஆகக்கூடாது. ரெண்டையும் பாத்துக்கோ. ஆறு மணிக்கு நான் வந்து பாப்பேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். உள்ளே யாருக்கோ வாயைத் திறக்கச் சொல்லும் குரலிலும் அந்தக் கோபம் இருந்தது. ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புஷ்பலதா பரிதாபமாக, "தண்ணி குடிக்கறீங்களாண்ணா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படம் தேட ஆரம்பித்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மேலே போனேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கீழ என்னடா சத்தம்? அவரு உன்னைய ஏதாச்சும் சொன்னாரா?"

"திட்டினார்."

"எல்லாரும் இருக்கறப்பவா?"

"எல்லாரும் இருக்கும்போதுதான். பேர் சொல்லி."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் வந்துவிட்டது. தை மாதத்திலிருந்து அந்த மனிதர் என்னைத் திட்டியது இதுதான் முதல் தடவை. சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன், ஆனால் வேகமாகப் போடச் சொன்னேன். ஆறு மணிக்குள் ஒரு படம் வைக்க வேண்டும்.